ரூஃபஸ் தாமஸ் ஏன் இன்னும் வெளியே நிற்கிறார்? ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

'ஹவுண்ட் டாக்' என்ற ஒரே ஒரு பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ராக் இசை ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் உங்கள் பட்டியலைப் பார்க்கலாம். அதை எழுதிய ஜெர்ரி லீபர், மைக் ஸ்டாலர் இருவரையும் 1987-இல் சேர்த்துக்கொண்டீர்கள். அதை 1956-இல் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோன எல்விஸ் பிரெஸ்லி, உங்கள் முதல் பட்டியலிலேயே, 1986-இல் வந்துவிட்டார். எல்விஸை முதலில் பதிவு செய்த சன் ரெக்கார்ட்ஸ் அதிபர் சாம் ஃபிலிப்ஸும் அதே ஆண்டு. எல்லாருக்கும் முன்னால் அதைப் பாடிய கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் மட்டும் 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காலம் கடந்தாவது செய்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் இந்தக் கதையில் இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். தார்ன்டனின் பாட்டு 1953-இல் வெளிவந்த சூட்டோடு 'பேர் கேட்' என்று அதற்கு எதிர்ப்பாட்டு பாடி, சன் ரெக்கார்ட்ஸுக்கு முதல் தேசிய வெற்றியைத் தேடித் தந்த மெம்ஃபிஸ்காரர் ரூஃபஸ் தாமஸ். 2025 வரையிலான உங்கள் பட்டியலில் அவர் பெயரைக் காணோம்.

மெட்டு அதேதான் என்று வழக்கு வந்ததும், சன் நிறுவனம் பணம் கட்டியதும் உண்மை. எதிர்ப்பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும். அவள் திட்டிய மெட்டிலேயே அவன் திருப்பித் திட்டுவதில்தான் அதன் ருசி. கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் விற்பனை வரிசையில் 3-ஆம் இடம் வரை ஏறிய அந்தப் பாட்டுதான் சன் என்ற பெயரை மெம்ஃபிஸுக்கு வெளியே கேட்க வைத்தது. அடுத்த ஆண்டு எல்விஸ் வந்தார். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் கவனம் வெள்ளை இளைஞர்கள் பக்கம் போய்விட்டது. தன்னைப் போன்ற கறுப்பினக் கலைஞர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று தாமஸ் கடைசி வரை வெளிப்படையாகவே சொல்லிவந்தார்.

அவரை நீங்கள் விட்டுவைத்ததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அவர் சிரிக்க வைத்தார். பாடகர் என்று மட்டும் சொல்லி அவரை ஒரு பெட்டிக்குள் வைக்க முடியாது. டாப் டான்ஸ் ஆடினார், கோமாளி வேஷம் கட்டினார், மேடைத் தொகுப்பாளராக இருந்தார், வானொலியில் பேசினார், இடையில் பாடவும் செய்தார். எங்கள் ஊர் நாடக மேடையில் விடிய விடியக் கூட்டத்தைக் கட்டிப்போடுபவர் பபூன். பரிசும் பட்டமும் ராஜபார்ட்டுக்குப் போகும். தாமஸுக்கு நடந்திருப்பதும் அதுதான்.

1917-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கேய்ஸ் என்ற சிற்றூரில், குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில் பள்ளி நாடகத்தில் தவளை வேஷம், அதுதான் முதல் மேடை. கல்லூரியில் ஒரு பருவம் படித்தார். மேலே படிக்கப் பணமில்லை. 1930-களில் ராபிட் ஃபுட் மின்ஸ்ட்ரல்ஸ் போன்ற கூடாரக் குழுக்களோடு தெற்கு மாநிலங்களைச் சுற்றினார். கூடாரத்தில் ஆடிப் பழகியவனுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறிவிடும்: கூட்டம் எந்த நொடியில் நம் கையை விட்டுப் போகும், எப்படிப் பிடித்து இழுப்பது என்பது. இதைப் பின்னால் சொல்கிறேன்.

மெம்ஃபிஸ் பீல் ஸ்ட்ரீட்டில் பேலஸ் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. அங்கே நடந்த புதுமுகப் போட்டிகளை, போன்ஸ் என்ற கூட்டாளியோடு சேர்ந்து தாமஸ் நடத்தினார். பி.பி. கிங் போன்ற பிற்காலத்து ஜாம்பவான்கள் கைதட்டலுக்கும் கேலிக்கும் பயந்துகொண்டு ஏறிய மேடை அது. பி.பி. கிங்கை 1987-இல் சேர்த்தீர்கள். அவரை மைக்குக்கு முன்னால் அழைத்து நிறுத்தியவரை மறந்தீர்கள்.

இத்தனைக்கும் இது அவருக்குப் பிழைப்பு இல்லை. 1941-இலிருந்து 1963 வரை, துணி வெளுக்கும் ஆலையில் கொதிகலன் பார்க்கும் வேலை. காலை ஷிப்ட் முடித்த கையோடு டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலிக்கு ஓடுவார். அமெரிக்காவிலேயே முதன்முதலாக முழு நேரமும் கறுப்பின மக்களுக்கென்று நிகழ்ச்சி நடத்திய நிலையம் அது. அங்கே முதல் கறுப்பின அறிவிப்பாளராகப் பேசிய நேட் டி. வில்லியம்ஸ், பள்ளியில் தாமஸின் ஆசிரியர். ஆசிரியர் கைபிடித்து உள்ளே வந்த மாணவர் 1970-கள் வரை அங்கே பேசிக்கொண்டிருந்தார். 1954-இல் நிலையத்தின் சக்தி 50,000 வாட்டாக உயர்ந்தபோது அந்தக் குரல் மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காட்டு வீடுகள் வரை போய்ச் சேர்ந்தது.

1960-இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மெக்லமோர் அவென்யூவில் பழைய சினிமாத் தியேட்டர் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, சாட்டிலைட் என்ற பெயரில் ஒரு சின்ன நிறுவனம் இயங்கிவந்தது. நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும். அதுவரை பெரும்பாலும் கன்ட்ரி, பாப் வகைப் பாட்டுகள்தான் அவர்கள் கணக்கில். தாமஸ் தன் பதின்வயது மகள் கார்லாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு காதல் பாட்டைப் பாடினார்கள். பாரிடோன் சாக்சஃபோன் வாசிக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையன் வந்தான், பெயர் புக்கர் டி. ஜோன்ஸ். மெம்ஃபிஸில் அந்த இசைத்தட்டு விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம் தேடி வந்து ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு சாட்டிலைட் தன் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப்பெயர் ஸ்டாக்ஸ்.

அந்த ஸ்டாக்ஸிலிருந்து ஓடிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ், புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ், ஸ்டேபிள் சிங்கர்ஸ், ஐசக் ஹேய்ஸ், பிறகு ஜிம் ஸ்டூவர்ட்டே கூட உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். எல்லாரும் தகுதியானவர்கள், ஒருவரைக் கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் நுழைந்த கதவை முதலில் தட்டித் திறந்தவர் இல்லாமல் இந்த வரிசை எப்படி முழுமையாகும்?

"ஒன்றிரண்டு வேடிக்கைப் பாட்டுகள், நடனப் பாட்டுகள், அவ்வளவுதானே" என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். 1963-இல் வந்த 'வாக்கிங் தி டாக்' பாப் வரிசையில் முதல் 10-க்குள் வந்தது. அப்போது அவருக்கு 46 வயது. ஆலை வேலையை விட்டதும் அந்த ஆண்டுதான். மறு ஆண்டே ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் அதை எடுத்துப் பாடினார்கள். கோழியைப் போல ஆடும் 'ஃபங்கி சிக்கன்' 1970-இல் வந்தது. 1971-இன் தொடக்கத்தில், 53 வயதில், 'புஷ் அண்ட் புல்' மூலம் ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் முதலிடத்தையே பிடித்தார். அந்த வயதில் மற்றவர்கள் பழைய பாட்டுகளை மறுபடி பாடிக் காலம் தள்ளுவார்கள். நடனப் பாட்டு என்பது தடையும் இல்லை. 2025-இல் நடனப் பாட்டுகளால் பெயர்பெற்ற சப்பி செக்கரைச் சேர்த்து அதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

கூட்டத்தைக் கையாளும் கலையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். 1972 ஆகஸ்ட் 20, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானம். 1965-இல் அந்த நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தின் ஏழாம் ஆண்டை ஒட்டி ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் விழா. டிக்கெட் ஒரு டாலர், வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இளஞ்சிவப்பு மேலங்கி பறக்க, அதே நிறத்தில் அரைக்கால் சட்டை, வெள்ளை பூட்ஸ் என்று 55 வயது மனிதர் மேடைக்கு வருகிறார். மேலங்கியைக் கழற்றித் தன் அழகைத் தானே காட்டிக்கொள்கிறார். முழங்கையை இறக்கையாக்கிக் கோழியாட்டம் தொடங்கியதும் கூட்டம் வேலி தாண்டி மைதானத்துக்குள் கொட்டுகிறது. அந்தப் புல்தரையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்த ஊரில், ஏழு வருஷத்துக்கு முன் நடந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த இடத்தில் யாராவது ஒரு அதிகாரி குரலை உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாமஸ் குரலை உயர்த்தவில்லை. ஆட விட்டார். பிறகு பேசினார், எதுகை போட்டு, கேலி செய்து, கெஞ்சுவது போலவும் மிரட்டுவது போலவும். கூட்டம் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் இருக்கைகளில் உட்கார்ந்தது. கடைசியாகக் குடையும் கையுமாக ஒரே ஒரு ஆள் மட்டும் மைதானத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தான். அவனையும் வார்த்தையாலேயே வெளியே அனுப்பினார். கூடாரக் குழுவில் கற்றது, பேலஸ் மேடையில் கற்றது, வானொலியில் தினமும் பேசிக் கற்றது, எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் வந்து நிற்கிறது. இதை விளையாட்டுத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

புளூஸ் ஹால் ஆஃப் ஃபேம் அவரை 2001-இல் சேர்த்துக்கொண்டது; அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, 84 வயதில், மெம்ஃபிஸில் இறந்தார். இத்தாலியின் பொரெட்டா டெர்மே என்ற சிற்றூர், சோல் இசை விழா நடக்கும் தன் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. இத்தாலிய மலையூருக்குத் தெரிந்தது கிளீவ்லாந்தில் இருக்கும் உங்கள் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தெரியாமல் போனது வருத்தமாக இருக்கிறது.

என் கோரிக்கை இதுதான். பிக் மாமா தார்ன்டனைச் சேர்த்த அதே பிரிவில், இசைத் தாக்கத்துக்கான பிரிவில், அடுத்த பட்டியலிலேயே ரூஃபஸ் தாமஸின் பெயரை வையுங்கள். அறிமுக உரையில் அவரை 'கார்லாவின் அப்பா' என்றோ 'ஃபங்கி சிக்கன் தாத்தா' என்றோ சுருக்காதீர்கள். நடிகர், நடனக்காரர், அறிவிப்பாளர், பாடகர் என்று நான்கையும் சொல்லுங்கள். விழா மேடையில் வாட்ஸ்டாக்ஸ் காட்சியைப் போடும்போது கோழியாட்டத்தோடு வெட்டிவிடாமல், அந்தக் குடைக்காரர் இருக்கைக்குத் திரும்பும் வரை ஓட விடுங்கள்.

இப்படிக்கு,
மெம்ஃபிஸ் சோல் இசையை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்