உறையைப் பிரித்துப் பாருங்கள்: தமிழ்த் தொலைக்காட்சி, ஓடிடி கதைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

சேரன்மகாதேவியிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். போன தை மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். காருகுறிச்சிக்காரன், பானை வனையும் குடும்பம். இப்போது ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறான். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு காகிதக் கட்டை மேசைமேல் வைத்து, “படிச்சுப் பாருங்க சார். நல்லா இல்லன்னா சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ராத்திரி முழுக்கப் படித்தேன். விடிந்ததும் போன் போட்டு, “ஏல, இது நீயே எழுதுனதா?” என்று கேட்டேன்.

ஆறு பகுதிகள் கொண்ட தொடர் அது. செவ்வாயில் ஒரு சிறிய குடியிருப்பு. அங்கே முதல் சாவு விழுகிறது. இறந்தவள் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். அந்தக் காலத்தில் செய்தது போல, அம்மாவைத் தாழியில், பெரிய மண்பானையில், வைத்துத்தான் அடக்கம் செய்வேன் என்று மகள் நிற்கிறாள். செவ்வாயில் களிமண் உண்டு, அதை விண்கலங்கள் உறுதி செய்திருக்கின்றன. பிசையத் தண்ணீர்? அது ரேஷன். சரி, வனைந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், சுடுவது எப்படி? அந்தக் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு, சூளை பற்றாது. மின் உலைதான் வேண்டும். உலைக்குப் போகும் மின்சாரம், எல்லோரும் மூச்சுவிடும் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்திலிருந்து எடுக்க வேண்டிய மின்சாரம். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு குடியிருப்பே இரண்டாகப் பிரிகிறது.

ஆதிச்சநல்லூரின் தாழிகளைப் பற்றி 1876-இல் ஜெர்மானியர் ஒருவர் தோண்டிய காலத்திலிருந்து உலகத்துக்குத் தெரியும். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3,200 வயது. அந்தத் தாழியைச் செவ்வாய்க்குக் கொண்டுபோக, தினமும் மண்ணை மிதித்த வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். களிமண் எந்தப் பதத்தில் விரிசல் விடும் என்பதை அவன் எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதவில்லை.

மூன்று இடங்களுக்கு நானே அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து கவர் பிரிக்காமலே திரும்பி வந்தது. ஓரிடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில் போனை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்டது ஒரே கேள்வி: “யார் மூலமா வர்றீங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் உங்களுக்கு ரொனால்ட் டி. மூர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்று ஒரு சின்ன ஊர். விவசாய பூமி. ஹாலிவுட் இருக்கும் அதே மாநிலம்தான் என்றாலும், வள்ளியூர்ப் பையனுக்கு வடபழனி போல, எட்டாத தூரம். 1964-இல் பிறந்த மூர் அங்கே வளர்ந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கப் போய், கடைசி வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். 1988-இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு வாய்ப்பு. போகும்போது தான் எழுதிய ஒரு ஸ்கிரிப்டையும் எடுத்துப்போய், அங்கே வேலை செய்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். தளத்துக்குள் நுழைய அவருக்கும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் விலைபோனதற்குக் காரணம் தெரிந்தவர் அல்ல. பல மாதம் குவியலில் கிடந்த பிறகு, தொடரின் எழுத்துப் பிரிவுக்குப் புதிதாகத் தலைமையேற்ற மைக்கேல் பில்லர் அதை எடுத்துப் படித்தார். காரணம் அதுதான்.

1989-இல் ஒளிபரப்பான அந்தக் கதையில் ஒரு தாய் பணியின்போது இறந்துபோகிறாள், பையன் தனியாகிறான். ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ஜீன் ராடன்பெரி, எதிர்காலத்துக் குழந்தைகள் சாவுக்கு அழமாட்டார்கள் என்று ஆட்சேபித்தார். சரி, அழாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதையே கதையாக்கிவிட்டார்கள். விண்வெளிச் சண்டை இல்லை. பெரும்பாலும் நாலு சுவருக்குள் மனிதர்கள் பேசுகிறார்கள். என் மாணவன் அதைப் பார்த்ததே இல்லை. காருகுறிச்சியில் உட்கார்ந்து எழுதிய அவன் கதையும் தாயை இழந்த ஒரு பிள்ளையிடமிருந்துதான் தொடங்குகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மூர் அடுத்த கதையையும் கொடுத்தார், எழுத்தாளர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எழுத்தாளனுக்குப் படிக்கட்டு உண்டு. குழுவில் ஒருவனாக நுழைகிறவன் படிப்படியாகத் தயாரிப்பாளர் ஆகலாம். கடைசியில் தொடரே அவன் பொறுப்பு, நடிகர் தேர்வு முதல் படத்தொகுப்பு வரை அவன் சொல்தான். நம் ஊரில் வசனகர்த்தா பக்கங்களை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான், எழுதியவன் தலைமையில் தொடர் நடப்பது அபூர்வம். மூர் பத்து வருடம் ஸ்டார் ட்ரெக் தொடர்களிலேயே தொழில் கற்றார். 1994-இல் வந்த ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இறுதிப் பகுதியை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார், அதற்கு விஞ்ஞானப் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. 1999-இல் அதே ஸ்டார் ட்ரெக் வரிசையின் ‘வாயேஜர்’ தொடரில் சேர்ந்து, ஒத்துவராமல் சீக்கிரமே வெளியேறினார். வீட்டை விட்டு வெகுதூரம் தொலைந்துபோன கப்பல் வாராவாரம் புதுசு போல் பளபளக்கக் கூடாது, அதில் பட்ட அடி தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியை அவர் நிரூபித்தது ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில். 1978-இல் வந்த ஒரு பழைய தொடரை எடுத்து 2003-இல் புதிதாகக் கட்டினார். உலகம் அழிந்து ஐம்பதாயிரம் பேர் மட்டும் கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள். பகுதிக்குப் பகுதி, எத்தனை பேர் மிச்சம் என்ற எண் திரையில் வரும். தொடரின் முதல் பகுதியில் எதிரி 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருப்பான். ஐந்து நாளாகத் தூங்காத முகங்கள், ஒரு கடிகாரம். மொத்தப் பதற்றமும் அவ்வளவில்தான். மூர் எழுதிய அந்தப் பகுதிக்கு 2005-இல் ஹியூகோ கிடைத்தது. மனித உரிமை பற்றி விவாதிக்க 2009-இல் ஐக்கிய நாடுகள் சபையின் நியூயார்க் தலைமையகத்தில் இந்தத் தொடரை முன்வைத்து ஒரு கூட்டமே நடந்தது. அப்புறம் அவருடைய ‘அவுட்லாண்டர்’ தொடர் வந்தது. 2019-இல், நிலவில் சோவியத் ரஷ்யா முதலில் இறங்கியிருந்தால் என்ற கற்பனையில் ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ தொடங்கியது.

இவ்வளவுக்கும் வேர், குவியலில் கிடந்த ஒரு ஸ்கிரிப்டைப் படித்த ஒரு மனிதர். பில்லர் அதோடு நிற்கவில்லை. ஏஜென்ட் இல்லாதவர்களும் கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். ஆயிரக்கணக்கில் வந்தன. பெரும்பாலானவை தேறியிருக்காது, எனக்கும் தெரியும். முப்பத்தோரு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். கட்டுக்குள் ஒரு நல்ல தாள் இருக்கும் என்பதற்காகத்தான் மற்றதையும் ஒழுங்காகப் படிப்போம்.

நாளைக்குக் கதைத் திருட்டு என்று வழக்கு வருமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம்தான். அவர்களுக்கும் இருந்தது. கதையோடு ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள், முடிந்தது. இங்கேயும் அப்படி ஒரு படிவம் போதும். அனுப்புகிறவர் தன் பாதுகாப்புக்குச் சென்னை எழுத்தாளர் சங்கத்தில் முன்கூட்டியே கதையைப் பதிவு செய்துகொள்ளட்டும்.

விஞ்ஞானக் கதைக்குப் பட்ஜெட் கிடையாது என்று இன்னொரு பதில் வரும். தூங்காத முகங்களுக்கு என்ன பட்ஜெட்? தூர்தர்ஷன் காலத்திலேயே ஓர் இயந்திர நாயைத் தமிழ் பேச வைத்தோம். இன்று மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நட்டாயிற்று. கூடங்குளத்தில் அணு உலை ஓடுகிறது. கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு நான் பஸ்ஸில் கூட்டிப்போன பிள்ளைகளில் பலர் இந்த வேலைகளில் இருக்கிறார்கள். இவர்கள் வாழ்க்கையில் ஏற்கனவே விஞ்ஞானம் கலந்துகிடக்கிறது. நெடுந்தொடர்களில் மட்டும் அது எட்டிப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வருடத்தில் ஒரு மாதம் கதவைத் திறந்து வையுங்கள். ஒரு கதைச் சுருக்கம், ஒரு பகுதியின் முழு ஸ்கிரிப்ட், இவ்வளவு போதும் என்று அறிவியுங்கள். தபாலில் வந்தாலும் வாங்குங்கள், எங்கள் பக்கம் இன்னும் கையால் எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டு பேராவது படிக்கட்டும். மூன்று மாதத்துக்குள் வேண்டாம் என்று ஒரு வரி வந்தாலும் போதும், படித்தார்கள் என்று மனசு ஆறும். தேறுகிறவரிடம் கதையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், குழுவில் ஒரு நாற்காலி கொடுங்கள். யார் மூலம் வருகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் மாணவன் இரண்டாம் பகுதியைத் திருத்தி எழுதியிருக்கிறான். தாழியை உலையில் சுடும் காட்சியில் அவன் அம்மா ஒரு தப்புக் கண்டுபிடித்தாராம், ஈரம் காயாமல் சுட்டால் தாழி வெடித்துவிடும் என்று. புதுப் பிரதி என் அலமாரியில் தயாராக இருக்கிறது. நீங்கள் அறிவிக்கும் நாளில் காலைத் தபாலிலேயே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சேரன்மகாதேவி