ஒரே இரவில் இணைந்ததாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1923 ஜனவரி 1 அன்று விடிந்தபோது பிரிட்டனின் சுமார் 120 ரயில் கம்பெனிகள் நான்காகி, அத்தோடு குழப்பமும் தீர்ந்ததாகச் சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இணைப்புக்கு உத்தரவிட்ட 1921-ஆம் வருடச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. அன்று விடிந்தபோது கலிடோனியன், நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற இரு கம்பெனிகளும் அந்த நான்கில் ஒன்றான எல்.எம்.எஸ்.ஸில் (லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) சேரவே இல்லை. சட்டச் சிக்கல்கள் தீர்ந்து அவை வந்தது ஜூலை 1-இல்.

குழப்பம் தீர்ந்த லட்சணத்தை, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் விடும், காற்று புகுந்தால் பிடிக்கும் வாக்குவம் பிரேக்கில் கை வைத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான்கில் இன்னொன்றான கிரேட் வெஸ்டர்ன் 25 அங்குல (பாதரச அளவு) வாக்குவத்தில் ஓட்டியது. வாக்குவம் வைத்திருந்த மற்றவர்கள் 21-இல். கிரேட் வெஸ்டர்ன் எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் மாட்டினால், சிலிண்டரில் பிஸ்டனுக்கு மேலே 25 அப்படியே நிற்கும். புது எஞ்சின், பிஸ்டனுக்குக் கீழே இணையும் டிரெயின் பைப்பில் 21-க்கு மேல் இழுக்காது. அந்த 4 அங்குல வித்தியாசமே பிஸ்டனை மேலே தூக்கிப் பிடிக்கும், பிரேக் கட்டை சக்கரத்தை விடாது. பெட்டி பெட்டியாகப் போய் ரிலீஸ் வால்வின் கம்பியை இழுத்து மேலும் கீழும் சமப்படுத்தினால்தான் வண்டி ஒழுங்காக உருளும். 1923-க்குப் பிறகும் அதே கூத்துதான். நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஒரு அங்குலத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மூன்றாவதான எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்) நிலைமை இன்னும் அழகு. அதில் சேர்ந்த கம்பெனிகளில் நார்த் ஈஸ்டர்னும் கிரேட் ஈஸ்டர்னும் அழுத்திய காற்றில் இயங்கும் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக். கிரேட் நார்தர்ன் வாக்குவம். வாக்குவமே பொது என்று முடிவானது, ஆனாலும் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தின் புறநகர் வண்டிகள் கடைசிவரை காற்றிலேயே ஓடின.

நான்காவதான சதர்ன் கம்பெனியின் மின்சார ரயில்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிரைட்டன் பகுதியில் மேல்கம்பியில் 6,700 வோல்ட் ஏ.சி.; லண்டன் வாட்டர்லூ பக்கம், மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளத்தில் 600 வோல்ட் டி.சி. இணைந்த பிறகும் 1925-இல் மேல்கம்பியைக் கூல்ஸ்டன், சட்டன் வரை நீட்டினார்கள். மறு வருடமே எல்லாம் மூன்றாம் தண்டவாளம் என்று அறிவித்து, 1929-க்குள் மேல்கம்பி வண்டிகளை அடியோடு நிறுத்தினார்கள். செலவழித்துக் கட்டியதைச் செலவழித்தே கழற்றிய இந்த விவகாரம் தங்கள் கட்டுரையாளருக்குச் சுவாரஸ்யமாகப் படவில்லை போலும்.

இது முதல் தடவையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சன் பற்றிய பழைய கட்டுரை அவரை மோசடிக்காரர் என்பதோடு முடித்துக்கொண்டது. 1844-இல் மூன்று கம்பெனிகளைச் சேர்த்து மிட்லண்ட் ரயில்வேயை உருவாக்கியவர் அவர் என்று அப்போதே கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை, பதிலும் இல்லை. 1951-இல் எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா), எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன்), மைசூர் ரயில்வேக்கள் மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனதை இரண்டே வரியில் கடந்து போனதும் தாங்கள்தான். இடமில்லை என்பீர்கள். அதே இதழில் ராசிபலன் இரண்டு பக்கம்.

கலிடோனியன், நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் சேர்ந்தது 1923 ஜூலை 1 என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே கிடைக்கும் இடமானாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பொன்மலை.