நிருபர் எதை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாஸ் வேகஸ் நிருபர் ஜெஃப் ஜெர்மன் கொலை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், அரசியல்வாதியும் நிருபரும் வளர்த்துக்கொண்ட பகை ஓர் உயிரைக் குடித்தது என்றும், நிருபர் சற்று விட்டுக்கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திராது என்றும் எழுதப்பட்டிருந்தது. பத்திரிகைத் தொழிலின் நெளிவுசுளிவுகளை என்னைவிட நன்கறிந்த தாங்கள் இந்த வரியை எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் என்னை வாட்டுகிறது.

ஜெர்மன் என்ன பகை வளர்த்தார்? அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸ் நகரை உள்ளடக்கிய மாவட்டம் போன்ற பகுதியான கிளார்க் கவுண்டியில், கவனிக்க ஆளின்றி இறந்தவர்களின் சொத்துகளைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக இருந்தவர் ராபர்ட் டெல்லஸ். அவர் பாரபட்சம் காட்டுகிறார், ஊழியர்களைப் படாதபாடு படுத்துகிறார் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொன்னதை, 2022 மே மாதம் 'லாஸ் வேகஸ் ரிவ்யூ ஜர்னல்' நாளிதழில் ஜெர்மன் எழுதினார். அடுத்த மாதம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சித் தேர்தலில் டெல்லஸ் தோற்றார். ஜெர்மன் அதற்குப் பிறகும் அந்த அலுவலகத்தின் ஆவணங்களை முறைப்படி கேட்டுக்கொண்டிருந்தார். டெல்லஸோ ட்விட்டரில் அவரை ஏசிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 2 அன்று, அகன்ற வைக்கோல் தொப்பியும் ஆரஞ்சு நிற மேலுடுப்பும் அணிந்து, 69 வயதான ஜெர்மனின் வீட்டோரம் பதுங்கியிருந்து அவரைக் குத்திக் கொன்றார். உயிருக்குப் போராடியவரின் நகங்களுக்கடியில் கிடைத்த மரபணுத் தடயம் டெல்லஸின் மரபணுவோடு பொருந்தியது. 2024 ஆகஸ்டில் டெல்லஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. குறைந்தது 28 ஆண்டுகள் சிறையிலிருந்த பிறகே பரோலுக்கு விண்ணப்பிக்கக்கூடிய ஆயுள் தண்டனை பெற்றார்.

தங்கள் கட்டுரை அடியோடு விட்டுவிட்ட ஒன்றும் உண்டு. ஜெர்மனின் கைப்பேசியையும் கணினிகளையும் போலீசார் கைப்பற்றியபோது, அவரை நம்பித் தகவல் தந்தவர்களின் பெயர்கள் வெளியாகிவிடக் கூடாது என்று அவருடைய நாளிதழ் நெவாடா உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது. நிருபர் இறந்த பின்பும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தன் நிருபருக்காக ஒரு பத்திரிகை இப்படி நின்றதைப் படிக்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஏனெனில் நானும் ஒரு காலத்தில் தாலுகா அளவில் பகுதிநேர நிருபராக இருந்தவன். குடிநீர்க் குழாய்ப் பணியில் நடந்த முறைகேட்டை எழுதிய மறுநாள் காலை, என் சைக்கிளின் இரண்டு டயர்களும் கிழிக்கப்பட்டு வாசலில் கிடந்தன. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், தம்பி" என்றார்கள். டயர்களைக் கிழிக்க ஆள் அனுப்பிய வார்டு உறுப்பினரைக்கூட நான் மறந்துவிட்டேன். அந்தச் சொற்களை மறக்க முடியவில்லை. தங்கள் இதழிலும், நிருபர்கள் தாக்கப்படும் செய்திகள் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்றே வெளிவருகின்றன. அடி வாங்கியவனும் அடித்தவனும் ஒன்றா என்று கேட்டு முன்பே எழுதினேன். அக்கடிதம் வெளியாகவில்லை, பதிலும் வரவில்லை.

இம்முறை நான் கேட்பது சிறியதுதான். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். டெல்லஸின் படத்தை அரைப்பக்க அளவில் போட்ட தாங்கள், ஜெர்மனின் படத்தையும் அத்துடன் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் பகுதிநேர நிருபர்,
மன்னார்குடி