கொண்டல் காற்றுக் காலத்தில் உப்பளப் பகுதியில் படியும் கரித்தூளையும் சாம்பலையும் அளந்து தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்: முத்தையாபுரம், முள்ளக்காடு வட்டார உப்பளத் தொழிலாளர்கள் மற்றும் சிறு உற்பத்தியாளர்கள்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தூத்துக்குடி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இடம் தாங்கள் அறிந்ததே. கிழக்கே மன்னார் வளைகுடா, கரையோரம் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக் குவியல்களும் சாம்பல் குளமும், அதற்கு மேற்கே பாத்திகள், அப்புறம் வீடுகள். நடுவில் தடுக்க ஒரு மேடு கிடையாது.

1. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடுகிறது. ஆகவே தை முதல் புரட்டாசி வரை காற்றில் உள்ள தூசியைக் கழுவ ஆளில்லை.

2. மாசி முதல் வைகாசி வரை முற்பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து கொண்டல் கிளம்பி, பிற்பகலில் வலுத்து, பொழுது சாய அடங்கும். அது குவியல்களைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது. ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தூசி கடல் பக்கம் போய்விடும். ஆய்வுக்கு வந்தவர்கள் ஆடியில் வந்து, "ஒன்றும் தெரியவில்லையே" என்று திரும்பினார்கள். எப்படித் தெரியும்?

3. எங்களை அதிகம் வதைப்பது இதுதான், ஐயா. பங்குனி, சித்திரையில்தான் உப்பு நன்றாக விளையும். உவர்நீரின் செறிவு போமே அளவில் 25 டிகிரியை எட்டும்போது பாத்தியில் உப்புப் பரல் இறங்கும். வெயிலும் காற்றும் சேர்ந்து நீரை வேகமாக உறிஞ்சும் நேரமும், கரித்தூள் வந்து விழும் நேரமும் ஒன்றே. தூள் உப்பின் மேலேயே கிடந்தால் உவர்நீரில் அலசிவிடலாம். ஆனால் வளரும் பரல் அதை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது, பிறகு எத்தனை முறை அலசினாலும் கரும்புள்ளி போகாது. வாரிக் குவித்த அம்பாரத்தைப் போய்ப் பாருங்கள்: கிழக்கு முகம் சாம்பல் நிறம், மேற்கு முகம் வெள்ளை. தூசி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்? அந்த உப்பைச் சாப்பாட்டு உப்பு விலைக்கு எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. வாருபலகை பிடித்து நிற்பவர் அதே தூளைத்தான் மூச்சில் இழுக்கிறார். உப்பை அலசவாவது உவர்நீர் இருக்கிறது, நுரையீரலை எதில் அலசுவது?

4. "காற்றில் தூசி அளவுக்குள் இருக்கிறது" என்கிறார்கள். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட தூசிக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். கொண்டல் அடிக்கும் ஆறு மணி நேரம் 300, மீதிப் பதினெட்டு மணி நேரம் 30 என்று வைத்துக்கொண்டாலும் சராசரி 97.5 தான் வரும். காகிதத்தில் சுத்தமான காற்று! பாத்தியில் விழுவதில் பெரும்பகுதி 10 மைக்ரானுக்கு மேற்பட்ட பருந்தூள், நுண்தூசியை அளக்கும் கருவி அதை எண்ணுவதே இல்லை. புகைபோக்கி உயரமானது என்பதும் பதிலாகாது. கடல்மேல் குளிர்ந்து வரும் காற்றில் அந்தப் புகை கலையாமல் மிதந்து வரும், கரையிலிருந்து உள்ளே சூடான தரைக்கு மேலே காற்று புரளும் இடத்தில் மொத்தமாகக் கீழே இறங்கும். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடியும் இருக்கிறது, அது எங்கள் பாத்தி வரைக்கும் வரக்கூடாதா?

5. நாங்கள் கேட்பது:
அ) காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்து, மணிக்கு மணி பதியும் கருவி ஒன்றைப் பாத்திகளுக்கு மேற்கே, வீடுகள் தொடங்கும் இடத்தில் வைக்க வேண்டும்.
ஆ) விழும் தூசியை எடைபோட வாயகன்ற ஜாடிகளை வரப்போரம் ஒரு மாதம் வைத்து எடுக்க வேண்டும். செலவு அதிகமில்லை.
இ) குவியல்களுக்கு இரவில் தண்ணீர் தெளிப்பது வீண், சித்திரை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலை பத்து மணிக்கு முன் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை தெளிக்க வேண்டும். கொண்டல் வலுத்திருக்கும்போது கரியை உயரத்திலிருந்து கொட்டக்கூடாது.
ஈ) சாம்பல் குளத்தில் சாம்பலுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்து மேலோடு வெடித்தால் போதும், அன்று பிற்பகல் வீட்டுக்குள் சோற்றுப்பானையைத் திறக்க முடியாது.
உ) சாம்பல் மூடிய டேங்கர் லாரியில்தான் போக வேண்டும். தார்ப்பாயைப் பேருக்கு ஒரு ஓரத்தில் கட்டிக்கொண்டு போவது மூடுவதாகாது.

ஐயா, மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்: தயவுசெய்து பங்குனியில், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு வெள்ளைத் துணியோடு ஆய்வுக்கு ஆள் அனுப்புங்கள். ஆடியில் வேண்டாம். துணியை வரப்பில் ஒரு மணி நேரம் விரித்து வைத்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு எழுத்துமூலமாக ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளர்கள் மற்றும் சிறு உற்பத்தியாளர்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், கரும்புள்ளி விழுந்த உப்பு ஒரு பொட்டலம்.