கோல்ஃப் மைதானம் கணினிக்குள்

ஐயா,

கணினி விளையாட்டு என்றாலே துப்பாக்கியும் ரத்தமும்தான் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கோல்ஃப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 1984-ல் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோ வெளியிட்ட ‘கோல்ஃப்’ விளையாட்டுக்கு நிரல் எழுதியவர் சடோரு இவாடா. பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைவரானவர். திரையில் ஒரு பட்டை, அதில் ஓடும் ஒரு குறி. பொத்தானை முதல் முறை தட்டினால் மட்டை ஓங்கும், இரண்டாவதில் வேகம் முடிவாகும், மூன்றாவதில் பந்து நேரே போகுமா வளையுமா என்பது தெரிந்துவிடும். இமைப்பொழுது பிந்தினால் பந்து மணலில்! இன்றும் பல கோல்ஃப் விளையாட்டுகளில் இதே முறைதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பில் அழைப்பு வந்தால்தான் உறுப்பினராக முடியும். 2012 வரை பெண்களைச் சேர்த்ததே இல்லை. ஆனால் அந்த கிளப்பின் மைதானம் 2011-ல் வந்த ‘டைகர் உட்ஸ் பிஜிஏ டூர் 12’ விளையாட்டில் இருக்கிறது. அதன் 12-வது குழிக்கு வெறும் 155 கெஜம்தான் தூரம். முன்னால் ஓடை, பின்னால் மணல், நடுவே ஒல்லியான புல்தரை. காற்றைப் பார்த்து எந்த மட்டையை எடுப்பது என்று எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். யாரும் அவசரப்படுத்துவதில்லை. முழங்கால் வலிக்காரர்களும் பேரப்பிள்ளைகளோடு சரிக்குச் சரி ஆடலாம்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு வாங்கலாம் என்று உங்கள் இணைப்பிதழில் எழுதும்போது, இதையும் சேர்த்து எழுதுங்கள்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்