வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துக்கொள்பவள் நான். கோடையில் லாரிக்குச் சொல்வது, சம்ப் நிரம்பும்வரை கூடவே நிற்பது, மாதக் கடைசியில் லாரிச் செலவைப் பங்கு பிரிப்பது எல்லாம் என் பொறுப்பு. தனியாக இருக்கும் பாட்டிக்கும், ஆறு பேர் இருந்து தினமும் வாஷிங் மெஷின் ஓடும் வீட்டுக்கும் ஒரே தொகைதான். யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று தெரியாதபோது வேறு எப்படிப் பிரிப்பது? கரண்டுக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறது. யூனிட் ஏறினால் ஏசியை அணைக்கிறோம். தண்ணீரோ, மொட்டைமாடித் தொட்டி காலியானால்தான் நினைவுக்கு வருகிறது.

சமீபத்தில் எங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயை வாளியில் விட்டுப் பார்த்தேன். ஒரு குடம் குடிநீர் பிடிப்பதற்குள் மூன்று குடம் வெளியே வந்துவிட்டது! உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்கு ஊற்றுவதில்லை. வீடு துடைக்கவும் கழிவறைக்கும் இப்போது அதுதான். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு வாளி வைத்துவிட்டார்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. அந்தக் கணக்கில் ஒரு ரயில் தண்ணீர் சுமார் 18,500 பேருக்கு ஒரே ஒரு நாள்தான் காணும். அடுத்த வறட்சியிலும் ரயிலையே நம்பியிருக்க முடியுமா?

எங்கள் கட்டடத்தில் மீட்டர் வைக்கலாம் என்று பிளம்பரை அழைத்தோம். மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் எனத் தனித்தனியாக இறங்குகிறது. ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் வேண்டும் என்றார். செலவைக் கேட்டதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. கட்டும்போதே வீட்டுக்கு ஒரே குழாயாக இறக்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அரசால் இதையும் செய்ய முடியும். புதிய அடுக்குமாடிகளில் வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு மீட்டர் இருந்தால்தான் கட்டட நிறைவுச் சான்று என்று விதி வரட்டும். பழைய கட்டடங்களில் மீட்டர் பொருத்த அரசு மானியம் கொடுக்கட்டும். அதுவரை, குடியிருப்புச் சங்கங்கள் லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், தலைக்கு இவ்வளவு என்றாவது பிரிக்கலாம். எங்கள் அடுத்த கூட்டத்தில் இதைத்தான் முன்வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை