அடுப்படிக் காதல் படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

பழங்காலச் சமையலறைக் காதல் படங்களை ‘இழுவை’ என்று ஒதுக்குகிறார்கள். இழுவையல்ல, சமையலின் வேகமே அதுதான். டிரான் ஆன் ஹங் 2023-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற ‘தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. கத்தியும் கரண்டியும்தான் பேசுகின்றன.

அதில் வரும் பொத்தோஃபு, காய் சேர்த்த மாட்டிறைச்சிச் சாறு. பச்சைத் தண்ணீரில் இறைச்சியைப் போட்டு, நுரையெடுத்து, மூன்று நான்கு மணி நேரம் மெல்லிய சூட்டிலேயே வைக்க வேண்டும். தளதளவெனக் கொதித்தால் கொழுப்பு கரைந்து சாறு கலங்கும். காய்கள் கடைசி ஒரு மணி நேரத்தில்தான்; முந்தினால் குழையும். விறகடுப்பில் இதற்கு ஆள் நகரவே முடியாது. காதலர் இருவர் பக்கத்தில் நிற்க வேறு சாக்கு எதற்கு!

இங்கே மலேசியாவிலும் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பை வைத்து ஒரு தமிழ்ப்படம் எடுக்கலாம். சம்பலில் (வதக்கிய மிளகாய் விழுதில்) எண்ணெய் பிரியும்வரை மட்டும் கேமராவை நகர்த்தாதீர்கள்.

வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு